செனட்டரின் தம்பி

ஐம்பத்து மூன்று வயதுவரை, ஒரே குடும்பப்பெயர் உள்ள அமெரிக்க அரசியல்வாதிகள் எல்லோரும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று நான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுவிஸ் மலைப்பக்கம் எங்கடினில் ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடமாகக் காலைச் சாப்பாடு பரிமாறுகிற நான், அதை மற்றவர்களுக்கு விளக்கியும் வந்தேன்.

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழவில்லை. அகதியாக வந்து பதிந்த அன்று, குடும்பப்பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து என் கடிதப்பெட்டியிலும் சம்பளத் துண்டிலும் பல் வைத்தியரின் பில்லிலும் அப்பாதான் இருக்கிறார். என் தம்பிக்கும் தங்கைக்கும் அதே பெயர். சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு வேறு பெயர், ஏனென்றால் அவர்களுக்குத் தகப்பன் வேறு. ஆகவே எங்கள் ஆட்களுக்குள் ஒரே குடும்பப்பெயர் என்றால் ஒரே வயிறு, ஒரே வீடு.

அண்ணனும் தம்பியும் மாறி மாறி ஆண்ட இலங்கையிலிருந்து வந்தவன் நான். அமெரிக்காவிலும் அப்பா ஜனாதிபதியாக இருந்து, பிறகு மகன் ஜனாதிபதியானதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வேறென்ன சாட்சி வேண்டும். எங்கள் பள்ளத்தாக்கிலேயே வெதுப்பகக்காரர், தபால் பஸ் ஓட்டுபவர், கிராமசபைத் தலைவர் மூவருக்கும் ஒரே பெயர், ஒருவருக்கொருவர் உறவே இல்லை. அந்த வெதுப்பகத்தில் தினமும் பாண் வாங்கியும் எனக்கு அது மண்டைக்குள் இறங்கவில்லை.

ஹோட்டலின் சலவைப் பகுதியில் ஒரு அக்கா வேலை செய்தார். மன்னார்க்காரர், என்னைவிட ஆறு வயது கூட. சீசனில் வேலைக்காரர் அறையில் தங்குவார். விடுமுறை நாளில் ரயிலேறிக் கூர் நகரத்துக்குப் போவார், வீடும் மகளும் அங்கே. மகளுக்குச் சுவிஸ் கடவுச்சீட்டு. அக்கா மொழிச் சோதனையில் இரண்டு முறை விழுந்ததால் இலங்கைக் கடவுச்சீட்டோடு நின்றுவிட்டார். அவருக்கு நியூஜெர்சியில் ஒரே ஒரு அண்ணன். முப்பத்தொரு வருடமாக நேரில் பார்த்ததில்லை. எனக்கு ஐம்பத்து மூன்று வயதான மாரிகாலத்தில் அந்த அண்ணனுக்கு ஈரலில் புற்றுநோய் என்று செய்தி வந்தது.

அக்கா அமெரிக்க விசா கேட்டார். திரும்பி வருவீர்கள் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லி மறுத்தார்கள். மகள் வைத்தியரின் கடிதமும் வேலைக் கடிதமும் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தாள். பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பேர்ணிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு வரச் சொல்லி நேர்முகத்துக்குத் திகதி கிடைத்தது.

அந்தச் செவ்வாய்க்கு ஐந்து நாள் முன்னர், வேலைக்காரர் சாப்பாட்டறையில் அக்கா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். அன்று காலைதான் அடுத்த கிழமை வரப்போகிற விருந்தினரின் பட்டியலைப் பார்த்திருந்தேன். அதில் ஒரு அமெரிக்கர். பெயருக்குப் பக்கத்தில், அரசியல்வாதி, அமைதியான மேசை கொடுக்கவும் என்று வரவேற்பில் குறித்திருந்தார்கள். அந்தக் குடும்பப்பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். அதே பெயரில் வாஷிங்டனில் ஒரு செனட்டர் இருந்தார். எங்களில் போரின்போது காணாமல் போனவர்களைப் பற்றி அவர் ஒருமுறை இரண்டு நிமிடம் பேசினார். நாங்கள் அதை இரண்டு வருடம் பேசினோம்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை போகாதேங்கோ" என்றேன்.

"ஏன் தம்பி?"

"ரெண்டாம் தரமும் மறுத்தாங்களெண்டா கம்ப்யூட்டரில ஏறியிடும். பிறகு ஆர் வந்தும் ஏலாது. ஒரு கிழமை பொறுங்கோ. அந்தச் செனட்டற்ற தம்பி எங்கட ஹோட்டலுக்கு வாறார்."

"மகள் போகத்தான் சொல்லுறாள்."

"மகள் மருந்துக்கடையில நிக்கிற பிள்ளை. அமெரிக்க அரசியல் அவவுக்கு என்ன தெரியும்?"

"அவர் சொந்தத் தம்பியோ? சித்தப்பன் பெரியப்பன் வழியோ?"

நான் பட்டியலை எடுத்துக் காட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஓம். எனக்கும் அண்ணைக்கும் ஒரே பேர்தானே" என்றார்.

அவர் கலியாணம் கட்ட முன்னரே தனியாக வந்து பதிந்தவர். தகப்பன் பெயர்தான் இன்னும் அட்டையில் இருந்தது. அந்த ஒரு பெயர் போதுமாக இருந்தது. அன்று பின்னேரமே மகளுக்குச் சொல்லி நேர்முகத்தை ரத்துச் செய்வித்தார். மகள் தொலைபேசியில் கத்தியது எனக்கும் கேட்டது.

விருந்தினர் மனைவியோடு வந்தார். கட்டையான ஆள், சிவந்த, சிரித்த முகம். நான் அவருக்கு ஜன்னலோர மேசை கொடுத்தேன். அவருடைய முட்டை மட்டும் கொதித்து நாலரை நிமிடத்தில் இறங்கியதா என்று மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். கீழே அக்கா அவருடைய சட்டைகளை இஸ்திரிப்பெட்டியால் தானே அழுத்தினார், வேறு யாரையும் தொட விடவில்லை. கழுத்துப் பட்டியை இரண்டு தரம் அழுத்தியதாகச் சொன்னார். மூன்று நாள் நான் ஆங்கிலத்தில் வசனம் பாடமாக்கினேன். நாலாம் நாள் காப்பி ஊற்றும்போது கேட்டேன், உங்கள் அண்ணன் செனட்டர் நலமா என்று.

அவர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை, பலமுறை கேட்ட கதை போலிருக்கிறது. அவருக்கும் செனட்டருக்கும் எந்த உறவும் இல்லையாம். மாநிலம் வேறு, கட்சியும் எதிர்க்கட்சி. அவர் ஒரு மாநிலச் சட்டசபை உறுப்பினர் மட்டும். முதல் தேர்தலில் சுவரொட்டியில் குடும்பப்பெயரை மட்டும் பெரிதாகப் போட்டாராம். சனங்கள் தாங்களாகவே ஏதோ நினைத்துக்கொண்டு வாக்குப் போட்டார்களாம். நான் யாருக்கும் பொய் சொல்லவில்லை, யாரும் என்னிடம் கேட்கவுமில்லை என்றார். பிறகு, நீங்கள்தான் நேரே கேட்ட முதல் ஆள் என்று என் கையைத் தட்டினார்.

நானும் சிரித்தேன். அதைத்தான் இன்றைக்கும் நினைக்க முடியவில்லை. அக்காவின் அண்ணனைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அதைவிட மோசம், சமையலறைக்குப் போய் அதை ஒரு பகிடியாக நடித்தும் காட்டினேன். பாத்திரம் கழுவுகிற பொடியன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அப்படிச் சிரிப்பது பிடிக்கும். என்னை முட்டாளாக்கிக் கதை சொன்னால் பழி கழிந்துவிடும் என்று ஒரு நினைப்பு எப்போதும் உண்டு.

பத்து மணிக்கு அக்கா மேலே வந்தார். கையில் ஈரம்.

"தம்பி, கேட்டனீங்களோ?"

"கேட்டனான் அக்கா."

"என்ன சொன்னவர்?"

"பாப்பம் எண்டவர்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டு கீழே இறங்கினார். நான் மேசை துடைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே நினைத்தேன். விருந்தினர் ஊருக்குப் போன பிறகும் அக்கா அவருடைய கடிதத்துக்காகக் காத்திருந்தார். சமையலறையில் நான் நடித்த பகிடி, அழுக்குத் துணிக் கூடையோடு சலவை அறைக்கு இறங்கிச் சேர ஒன்பது நாள் எடுத்தது. சொன்னது ஒரு போர்த்துக்கேயப் பெண், அக்காவைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்து.

அக்கா என்னிடம் வந்து கேட்கவில்லை. மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். மகள் நேர்முகத்துக்கு மறுபடி பதிந்தாள். கிடைத்த திகதி ஜூன் மாதத்தில். அவசரம் என்று எழுதிப் பார்த்தார்கள், பதில் வரவில்லை.

ஏப்ரலில் அண்ணன் போய்விட்டார். சீசன் முடிந்து ஹோட்டல் பூட்டுகிற கிழமை. அடக்கப் பூசையை அக்கா சலவை அறையில், படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கிய மேசையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். நான் கதவு வரைக்கும் போனேன். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிற்பாட்ட அவருக்குத் தோன்றவில்லையா, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்று விட்டாரா தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

எட்டாம் நாள் கூருக்குப் போனேன். மகள் கதவைத் திறந்தாள், வாங்கோ என்று சொல்லவில்லை, வழி மட்டும் விட்டாள். அண்ணனின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். சீனி அளவாக இருந்தது. அந்த அமைதியில் இருக்க எனக்குத் தெரியவில்லை.

"அக்கா, செவ்வாய்க்கிழமை போயிருந்தாலும் தந்திருப்பாங்களெண்டில்லை" என்றேன். "அவங்கட சட்டம் என்னெண்டா, ஒருக்கா மறுத்தால் பிறகு..."

"தம்பி."

நிறுத்தினேன். அக்கா என்னைப் பார்க்காமல், மெழுகுதிரியின் ஓரத்தில் வழிந்ததை நகத்தால் சுரண்டியபடி சொன்னார்.

"அண்ணை கடைசிக் கிழமையும், தங்கச்சி வந்திட்டாளோ எண்டு கேட்டுக்கொண்டு கிடந்தவராம். உங்களுக்குத் தெரியாதெண்டு நீங்கள் ஒருக்காச் சொல்லியிருந்தா, நான் பேர்ணுக்குப் போயிருப்பன்."