தூரம் என்று போட்ட கட்டம்

அந்த நோட்டின் அட்டையில் மகளின் பெயர். உள்ளே முழுக்க என் கோணல் கையெழுத்து. எங்கள் கணபதி ஏரியா மைதானத்தில் அவளுக்கு ஓட்டம் பழக்கிய கோச் மேடம் கொடுத்தது. தூக்கம், சாப்பாடு, தூரம் என்று மூன்று கட்டம் போட்டு, தினமும் வீட்டில் எழுதச் சொல்லியிருந்தார். மகள் வந்ததும் படுத்துவிடுவாள், நான்தான் எழுதுவேன். ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நான். எங்கள் வீட்டில் தூரம் என்றால் மாதவிலக்கு மட்டும்தான். இதைக்கூடக் கேட்கிறாரே, என்ன அக்கறை என்று நெகிழ்ந்து, அந்த நாட்களில் மட்டும் ‘முதல் நாள்’, ‘இரண்டாம் நாள்’ என்று எழுதினேன். பயந்த சுபாவம் வேறு. அதற்கு முந்தைய நாட்களின் கால் கனம், எரிச்சல், தட்டைத் தள்ளிவிட்டது எதையும் மற்றக் கட்டங்களில் எழுதாமல் விடவில்லை.

நாலு மாதம் போயிருக்கும். நாளைக்கு மாவட்டத் தேர்வு ஓட்டம். ஜெயித்தால்தான் விளையாட்டு விடுதியில் இடம். இன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தூரம் வந்துவிட்டது. வெயிலில் மயங்கி விழுந்துவிட்டால்? அனுப்ப மாட்டேன் என்று சொல்ல அவளையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். காலையில் மகள் கொடுத்துவிட்டு வந்த நோட்டை மேடம் அப்போதுதான் முதல்முறையாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்கக்கா, எத்தனை கிலோமீட்டர்னு கேட்டா இரண்டாம் நாள்னு எழுதியிருக்கீங்க?”

“தூரம்னுதானுங்களே போட்டிருந்தீங்க?”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். “மானத்த வாங்கிப்போட்டியேம்மா!”

மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. தன்னுடைய நேரக் குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்து, தேதி தேதியாக விரலை நகர்த்தினார். மாதாமாதம் மகள் பின்தங்கியது தூரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில்தான். இரண்டாம் நாளிலிருந்து வேகம் ஏறியிருந்தது.

“இத்தனை நாளா சோம்பேறின்னு திட்டிப்போட்டேனுங்க. எல்லாப் புள்ளைக்கும் இப்படி இருக்காது, இவளுக்கு இப்படி. ஏங்கண்ணு, ஓடறயா?”

“ஓடறேனுங்க மேடம்.”

“அனுப்புங்கக்கா. முடியலைன்னா நானே நிறுத்திப்போடறேன்.”

சரியென்று தலையாட்டினேன். எதை வெளியில் சொல்லக் கூசினேனோ, எதைக் கண்டு மாதாமாதம் பதறினேனோ, அதற்குள் இப்படியொரு ஒழுங்கா! பதின்மூன்று வயதிலிருந்து என் உடம்பும் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கும். யார் கேட்டோம்?

மறுநாள் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி வளைவில் அவள் இரண்டு பேரைத் தாண்டினாள். கொண்டுபோன குளுக்கோஸ் பொட்டலத்தை நான்தான் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

மேடம் இப்போது வேறு ஊரில். மகள் எல்லாவற்றையும் போனிலேயே குறித்துக்கொள்கிறாள். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. தூரம் என்ற கட்டத்தை மேடம் அடிக்கவில்லை; பக்கத்திலேயே ‘ஓட்டம்’ என்று புதிதாக ஒன்று கோடு போட்டார். தேர்வு ஓட்டத் தேதிக்கு நேராக என் எழுத்தில் ‘இரண்டாம் நாள்’. அதை ஒட்டி அவர் எழுத்தில் ‘முதல் இடம்’.