இறக்கிய பிறகும் பார்த்து நின்றவர்

பேச்சிமுத்து அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. அப்படியே ஓடினேன். அன்று என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபம் வேறு இடத்தில்.

கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்கு, மிளகு மூட்டை தூக்கிய எல்லோருக்கும் அண்ணனைத் தெரியும். மூட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அட்டி போட்டு முடித்ததும் நாங்களெல்லாம் சாயா குடிக்கப் பறப்போம். அவர் மட்டும் அட்டிக்கு எதிரே நிற்பார். “அடுக்குறப்ப சரியாதுல. நீ முதுகைக் காட்டுன பெறகுதான் சரியும்” என்பார். இருபது வருசத்தில் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏலே கோட்டிக்காரா” தான்.

பக்கவாதம் வந்து எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் குழாயை அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுத்தார்கள். விழுந்த கை எழுந்தது. மறுநாள் மத்தியானம் நான் போனபோது, தலையைப் பிடித்தபடி, “வாங்க, உட்காருங்க. சாப்பிட்டீங்களா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டேன். “சேச்சி, அண்ணன் எனக்கு மரியாதை தர்றாரு. மண்டையில என்னமோ ஆயிருச்சு, இன்னொரு ஸ்கேன் எடுங்க.” நர்ஸும் சிரித்தார்.

மதினி சிரிக்கவில்லை. “வெளையாடாதிய கொழுந்தனாரே. காலையில இருந்து என்னையும் நீங்கன்னுதான் சொல்லுதாவ. தலைவலிங்காவ, தூங்கித் தூங்கி விழுதாவ” என்று சொல்லிவிட்டு டூட்டி டாக்டரிடம் போனார்.

“கட்டி எடுத்தாச்சல்லோ, ரத்தம் ஓடுது. பேடிக்கண்டா, பயப்படாதீங்க. ஸ்கேன் நாளைக்கு உண்டு” என்றார் டாக்டர்.

சாயங்காலம் எழுப்பினால் அண்ணன் எழவில்லை. அப்புறம்தான் அவசரமாக ஸ்கேன். மூளைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. மூன்றாம் நாள் அந்த போன்.

பெரிய டாக்டர் பிறகு விளக்கினார். பட்டினி கிடந்த மூளைக்கு ரத்தம் திரும்புவதிலும் ஆபத்து உண்டாம். நொந்த குழாய் கசியும், மூளை வீங்கும். தலைவலி, தூக்கம், பேச்சில் மாற்றம் தெரிந்தால் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். “சொல்ல முடியாது. ஆனா பார்த்திருக்கணும்” என்றார்.

ஐந்தாம் வகுப்பு தாண்டாத நான் கேலிக்குச் சொன்னதை, அத்தனை படித்தவர்கள் நிஜமாகவே செய்திருக்கலாம். அட்டி போட்டதும் முதுகைக் காட்டினார்கள். நானும்தான். சிரித்துக்கொண்டே கேன்டீனுக்குப் போனேன்.

அண்ணனுடைய மூட்டைக் கொக்கியை மதினி எனக்குத் தந்தார். இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது. நேற்று வேலை முடிந்து, அட்டிக்கு எதிரே ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அந்த டூட்டி டாக்டரிடம் போனேன். உட்காரச் சொன்னார். “பேச்சு மாறினா அப்பவே பார்க்கணும்னு செவுத்துல எழுதி ஒட்டுங்க” என்று கத்திக்கொண்டே எழுந்தேன். கொக்கி இருக்கை மெத்தையில் மாட்டியிருந்ததால் நாற்காலியும் கூடவே எழுந்தது. கழற்றிவிட்டது அந்த டாக்டர்தான்.