வெட்டாமல் கட்டிய இமேஜ்

குழந்தை ஸ்நேகா பிறந்ததும் விஷ்ணுப்ரியா சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டாள். மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் வேலை தேடியபோது, வீடு இருந்த அஸ்தினாபுரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. குரோம்பேட்டையில், பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடி. பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணக்கைப் பேசிக் காட்டும் கையடக்கப் பெட்டி செய்தார்கள்.

பெட்டியின் போர்டில் மெமரி கொஞ்சம்தான். அவர்கள் பயன்படுத்திய கணினி மொழியிலோ எண், எழுத்து, அவற்றை வார்க்கும் அச்சான கிளாஸ் எல்லாமே ஆப்ஜெக்ட், அதாவது தனித்தனிப் பொருள். அத்தனையும் இமேஜ் என்ற ஒரே கோப்பில் குடியிருக்கும். அது போர்டில் அடங்கவில்லை. உடன் வேலை செய்த ஜெபின் வேண்டாததை அழித்துப் பார்த்தான். ஒன்றை எடுத்தால், சம்பந்தமே இல்லாத இன்னொன்று ஓடாமல் படுத்துக்கொண்டது.

“பேசாம வேற மொழிக்குப் போயிடலாம்க்கா.”

“வெட்டுறத விடு ஜெபின். காலியிலேர்ந்து கட்டிப் பாக்குறேன்.”

“முதல் கிளாஸ உருவாக்கவே இன்னொரு கிளாஸ் வேணுமே. எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க?”

அவள் பழைய இமேஜையே பட்டறையாக்கிக்கொண்டாள். புதியதற்கு வேண்டிய ‘உண்மை’, ‘பொய்’, ‘ஒன்றுமில்லை’ ஆகிய அடிப்படை ஆப்ஜெக்ட்களையும் முதல் சில கிளாஸ்களையும் அதற்குள் அரைகுறையாகச் செய்து, ஒன்றோடொன்று கோத்து, தனிக் கோப்பாக எழுதினாள். வந்த கோப்பு பழையதைப் போலவே பெரிதாக இருந்தது. அவளுக்கு அழுகை முட்டியது.

“எதுவோ ஒண்ணு பழசைப் பிடிச்சிருக்கு. அதோட எல்லாமே கூட வந்துடுச்சு,” என்றாள்.

ஜெபின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். எது எதைப் பிடித்திருக்கிறது என்று துருவ ஒரு சின்ன நிரல் எழுதினான். அது உச்சியிலிருந்த கிளாஸில் போய் நின்றது. அதற்குத் தாய்க் கிளாஸ் கிடையாது. அந்தக் காலி இடத்தில் புதிய ‘ஒன்றுமில்லை’க்குப் பதிலாகப் பழைய இமேஜின் ‘ஒன்றுமில்லை’யை வைத்திருந்தாள்; அதைப் பிடித்துக்கொண்டு பழையது முழுவதும் வந்திருந்தது. விஷ்ணுப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மாற்றி எழுதிய கோப்பு போர்டில் அடங்கி ஓடியது. கூட்டல் மட்டும்தான் தெரியும் அதற்கு. தாம்பரத்தில் பள்ளி ஒன்றுக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோனபோது, தமிழினி என்ற சிறுமி தடவித் தடவி மூன்றையும் நான்கையும் அழுத்தினாள். “ஏழு” என்றது பெட்டி.

“கழித்தல் வருமா மிஸ்?”

“இன்னும் போடலம்மா,” என்றாள் விஷ்ணுப்ரியா. “அடுத்தது அதுதான்.”