அப்பாவும் இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளையும்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் குழுவின் பஸ் ஒஷாவாவைத் தாண்டியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழும்புவதும் இருப்பதுமாக நான் படுத்திய பாட்டில் பக்கத்தில் இருந்தவள் தலையணையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போய்விட்டாள். ராணுவக் கல்லூரியில் எனக்கு அது முதல் வருடம். இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளையில் கல்லூரிக்காக நீந்தும் இடம் எனக்குக் கிடைத்திருந்தது. போட்டி நடந்ததோ ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில், வோபர்னில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். எல்லாவற்றையும் விடப் பெரிய சங்கதி, அப்பா பார்க்க வருவதற்குச் சம்மதித்திருந்தார்.

அவரைச் சம்மதிக்க வைத்தது சும்மா காரியம் இல்லை. நீந்திக்கொண்டே பொறியியல் படிக்கலாம், அது ராணுவக் கல்லூரி என்று நான் வீட்டில் முதன்முதலாகச் சொன்ன அன்று அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"ஆமியோ? இந்த நாட்டிலை வேறை கொலிஜே இல்லையோ?"

"இது கனடா ஆமி, அப்பா."

"எந்த ஆமியெண்டாலும் ஆமிதான்."

அம்மா குறுக்கே விழுந்து, "நீங்களும் யூனிபோர்ம் போட்டுத்தானே வேலைக்குப் போறியள்?" என்றார். அப்பா நகரத்து பஸ் ஓட்டுபவர். அவர் அம்மாவைப் பார்த்த பார்வையில் அன்றைய பேச்சு முடிந்துபோனது. யாழ்ப்பாணத்தில் இளவயதில் ஆமியின் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையோடு நின்ற கதையை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவர் தடுக்கவும் இல்லை, வாழ்த்தவும் இல்லை. வீட்டுக்கு வரும்போது அந்த உடுப்போடு வரக்கூடாது என்பது மட்டும் அவருடைய கட்டளை. அதனால் விடுமுறைக்கு வரும் வழியில் நெடுஞ்சாலை ஓய்விடத்துக் கழிப்பறைக்குள் நின்று, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, சீருடையைக் கழற்றி ஜீன்ஸ் மாட்டிக்கொண்டுதான் வீட்டு மணியை அடிப்பேன்.

எனக்கோ அந்த வாழ்க்கை பைத்தியமாகப் பிடித்திருந்தது. விடிவதற்கு முன் தண்ணீருக்குள் குதித்து, பயிற்சி முடிந்ததும் ஈரத் தலையை இறுக்கிக் கொண்டை போட்டு, அணிவகுப்புக்கு ஓடும்போது கொண்டை குளிரில் விறைத்துத் தட்டினால் சத்தம் கேட்கும். சப்பாத்து மினுங்காவிட்டால் திட்டு, நேரம் பிந்தினால் திட்டு, திரும்பும்போது சுவரை நன்றாக உதைக்காவிட்டால் பயிற்சியாளரின் திட்டு. அவ்வளவையும் வாங்கிக்கொண்டு இரவில் கட்டிலில் விழும்போது நாளைக்கும் நீந்தப் போகிறேன் என்று சிரிப்பு வரும். ஒரே ஒரு குறை. நான் பெரிய போட்டியில் நீந்தி அப்பா பார்த்ததில்லை.

ரொறன்ரோவில் போட்டி என்று தெரிந்ததும் அம்மா தொலைபேசியில் ஒரு சமாதான ஒப்பந்தமே செய்து முடித்தார். குழு சீருடையோடுதான் உள்ளே போகவேண்டும், சீருடையோடுதான் வெளியே வரவேண்டும். அது கல்லூரி விதி, மாற்ற முடியாது. ஆகவே நாங்கள் உடை மாற்றித் தண்ணீருக்குள் இறங்கிய பிறகு, பதினொரு மணிபோல, அப்பா உள்ளே வருவார். நான் நீந்தி முடித்ததும், மறுபடி உடை மாற்ற முன்னமே, போய்விடுவார். நீச்சல் உடுப்பிலிருக்கும் மகளைப் பார்த்தால் போதும்.

"அப்பா ஓம் எண்டிட்டார்," என்று அம்மா சொன்னபோது விடுதி நடைபாதையில் நான் துள்ளிய துள்ளலுக்கு அன்றும் ஒரு திட்டு விழுந்தது.

இவ்வளவு நுணுக்கமாகத் திட்டம் போட்ட அம்மா ஒன்றை மறந்துவிட்டார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அன்று காலை நாட்காட்டியைப் பார்த்ததும் அவருக்குப் பதறிவிட்டது. பிள்ளையின் முதல் பெரிய போட்டிக்கு ராகு காலத்தில் வெளிக்கிடுவதா? பத்தரைக்குப் பிறகு வெளிக்கிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். வழியில் நெரிசல் என்றால் பந்தயம் போய்விடுமே என்று அம்மா. ஒன்பதுக்கு முன்னமே அப்பாவைக் காரில் ஏற்றி, எங்கள் குழுவுக்கென்று முதல் நாளே சொல்லி வைத்து எடுத்த, ஆட்டிறைச்சி ரோல்ஸ் அடுக்கிய ரே என்ற பெரிய தட்டு ஒன்றையும் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். பத்து நிமிடத்தில் வந்தாயிற்று. இனி இரண்டு மணி நேரம் வாகனத் தரிப்பிடத்தில் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்பா காருக்கு வெளியே நின்று பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாராம். எங்கள் பஸ் வந்து சரியாக அந்தக் காருக்குப் பக்கத்தில் நின்றது.

கதவு திறந்து முழுச் சீருடையில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ நான் இறங்கியபோதுதான் அப்பாவைக் கண்டேன். அவர் கை தானாகவே சட்டைப்பைக்குள் போயிருந்தது. பணப்பையிலிருந்து சாரதி அனுமதி அட்டையை எடுத்து, படம் வெளியே தெரியும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

என்னைக் கண்டதும் அவருக்குச் சுரணை வந்தது. சட்டென்று திரும்பி, அந்த அட்டையால் கார் கண்ணாடியில் பனி சுரண்டுவது போலச் சுரண்டத் தொடங்கினார். கண்ணாடியில் சுரண்ட எதுவும் இருக்கவில்லை. பிறகு காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு ஓடிப்போய்க் கதவைத் தட்டவேண்டும் போல இருந்தது. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. நானும் நகர்ந்தேன்.

பந்தயத்துக்கு முன் பார்வையாளர் இருக்கைகளைப் பார்த்தேன். அம்மா தனியே இருந்தார். பக்கத்து இருக்கையில் ரோல்ஸ் ரே. அம்மா கையை விரித்துக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அப்பா மேல் இல்லை, அம்மா மேல் கொஞ்சம், ராகு மேல் நிறைய. அந்தக் கோபத்தோடு குதித்தேன்.

முதல் நூறு மீட்டரை வெறி பிடித்தவள் போல அடித்தேன். மூன்றாவது ஐம்பதில் கைகள் ஈயமாகிவிட்டன, பக்கத்து வரிசைக்காரி முந்திவிட்டாள், இனி முடிந்தது என்று நினைத்தேன். பட்டர்ஃபிளையில் தலை தண்ணீருக்கு மேலே வரும் அந்தக் கணத்தில்தான் காது கேட்கும். தலை வந்தபோது, "விடா—" என்று கேட்டது. உள்ளே போய் மறுபடி வந்தபோது, "—பிள்ளை!" என்றது. அடுத்த முறை, "அடியடி! அடியடி!" என்று முழுசாகவே கேட்டது. அந்த மண்டபத்தில் அப்படிக் கத்த ஒரே ஒரு ஆளால்தான் முடியும்! எனக்குள் என்ன புகுந்ததோ தெரியாது. கடைசி ஐம்பதில் இருவரைப் பிடித்து, இரண்டாவதாகச் சுவரைத் தொட்டேன். அவ்வளவு வேகமாக நான் அதற்குமுன் நீந்தியதே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அப்பா எழுந்து நின்று, இரண்டு கையையும் மேலே தூக்கி, முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரரின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தப்படி அவர் இனிப் போகவேண்டும். போவதற்கு நேரம் கொடுக்கலாம் என்று நான் வேண்டுமென்றே தலையை ஆறுதலாக உலர்த்தி, சப்பாத்துக் கயிற்றை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன். பயிற்சியாளர் கத்தியபிறகு, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் கடைசி ஆளாக வெளியே ஓடினேன்.

பஸ் வாசலில் அப்பா ரேயோடு நின்றார். எங்கள் ஆட்கள் வரிசையாக வந்து ஒவ்வொரு ரோல்ஸ் எடுத்தார்கள். பெரியவர்கள் யாரைக் கண்டாலும் 'சேர்' போடும்படி எங்களைப் பழக்கியிருந்தார்கள். "தாங்க் யூ, சேர்", "தாங்க் யூ, சேர்" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல, அப்பா யாருடைய முகத்தையும் பாராமல், ரேயையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

என் முறை வந்தது. கை நீட்டினேன். அந்தச் சீருடைக் கையைப் பார்த்தவர் மெல்ல நிமிர்ந்தார். அவர் பார்வை திறந்திருந்த கோட்டுக்குள், என் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் நின்றது. எங்கள் வீடுகளில் எல்லாம் அப்பாவின் பெயர்தான் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர்.

"உதென்ன, என்ரை பேர் கிடக்கு?"

"ஓம் அப்பா. அங்கை எல்லாரும் என்னை உங்கடை பேராலைதான் கூப்பிடுறவை. விடிஞ்சால் பொழுதுபட்டால் அதைத்தான் கத்துறவை."

அப்பாவின் கண் கலங்கியிருந்தது.

"ஒழுங்காச் சொல்லுறவையோ?"

"இல்லை. கொலை செய்யினம்."

அப்பா ரேயை என் கையில் தந்தார். பஸ் படியில் நின்று ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, முதுகை நிமிர்த்தி, தன் பெயரை எழுத்து எழுத்தாக, உரத்துச் சொன்னார். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். பிழை என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார்.