இரைச்சலுக்குள் என் தம்பி

எங்கள் மீனவ ஊரான தாழ்வுபாட்டில் ஒரு படகு நேரத்துக்குத் திரும்பாவிட்டால் செபம் தொடங்கிவிடும். அதுவும் மீனவர் சங்கத்து வோக்கி-டோக்கியில். கடலில் தவிப்பவனுக்கும் கேட்க வேண்டுமாம். அன்றைக்குத் தவித்தவன் என் தம்பி. விடியத் தனியாகப் போனவன், மத்தியானம் கடந்தும் வரவில்லை. வாடைக்காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

நான் தொலைபேசிக் கோபுரங்களைப் பழுது பார்ப்பவள். சங்கத்துக்கு ஓடிப்போனால், அம்மா பொத்தானை அழுத்தியபடி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்கினால் சித்தி பிடித்துக்கொள்வார். பொத்தான் அமுங்கியிருக்கும் வரை அந்தப் பெட்டிக்குக் காது கிடையாது.

“ஐயோ அம்மா, நிப்பாட்டுங்கோ! நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தால் அவன் என்னெண்டு கதைக்கிறது?”

“செபத்தையோ நிப்பாட்டச் சொல்லுறாய்? உனக்கு நெஞ்சில ஈரமில்லையோடி?”

“மனசுக்குள்ள சொல்லுங்கோ. மாதாவுக்கு வோக்கி தேவையில்லை!” பறித்தேவிட்டேன்.

பெட்டி அமைதியாக இருந்தது. அந்த அமைதியையும் நான் நம்பவில்லை. இரைச்சலை மறைக்க அதில் ஒரு குமிழ் உண்டு. மெல்லிய குரல்களையும் அது சேர்த்தே விழுங்கிவிடும். அதைத் திறந்தேன். தகரக் கூரையில் மழை விழுந்ததுபோல் இரைந்தது. யாரோ சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். கூட்டினால் இரைச்சலும் கூடவே வளரும், இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. பரீட்சைக்காக நான் பாடமாக்கிய சமிக்ஞை-இரைச்சல் விகிதம் அதுதான்.

“தம்பி, அக்கா கதைக்கிறன். கேட்டால் பொத்தானை ஒருக்கா அமத்து. கதைக்காதை.”

சங்கத்து அன்ரனா உயரம், எங்கள் குரல் அவனுக்கு எட்டும். அவனுடைய கைப்பெட்டிக்குத்தான் அவ்வளவு பலமில்லை.

குரல் வரவில்லை. ஆனால் இரைச்சல் ஒரு கணம் மெலிந்து, பிறகு பெருகியது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு சொல்லைக்கூடச் சுமக்க முடியாத அலை, அத்தனை கடலையும் தாண்டி வந்து இரைச்சலைக் கொஞ்சம் அடக்கிவிட்டுப் போகிறது. கடவுளே, அது என் தம்பி!

“ஓமெண்டால் அமத்து, இல்லையெண்டால் சும்மா இரு. எஞ்சின் நிண்டுட்டுதோ?” மெலிந்தது.

“தண்ணி உள்ள வருதோ?” மெலியவில்லை. மாதாவே, நன்றி.

“கரையைப் பாத்து நில். காற்றாலை எல்லாம் உன்ர வலப்பக்கமோ?” மெலிந்தது. கடலில் இருப்பவனுக்கு எங்கள் கரை வடக்கு, காற்றாலைகள் வலப்பக்கமென்றால் அவன் அவற்றுக்கு மேற்கே! இரண்டு படகுகள் உடனே இறங்கின.

அம்மா கையை நீட்டினார். கொடுத்தேன். “ராசா, பசிக்குதோ?”

இரைச்சல் அடங்கியது. திரும்ப எழவேயில்லை. அம்மா பெட்டியில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். “விடடா, பற்றரி முடியப்போகுது!” என்று நான் கத்தினேன். அழுத்திக்கொண்டிருப்பவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன்.

பொழுதுபட முன்னர் அவன் படகைக் கட்டியிழுத்து வந்தார்கள். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஏசினேன். “ஏனடா அவ்வளவு நேரம் அமத்திக்கொண்டிருந்தனீ?”

“கையை எடுத்தால் தனிச்சுப் போவன் எண்டு பயம் அக்கா.”