காத்தாயி சொன்ன அளவு

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இதை அனுபவித்த மனிதர் பேய், பிசாசு என்று பேசித் திரிகிற ஆள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சுந்தரலிங்கம் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வளிமண்டல, புவி அறிவியல் பிரிவின் தலைவர். மாத்தளை டவுனில் அலுவலகம். அவருக்குக் கீழே இருபத்து மூன்று பேர். எந்த மலையில் எவ்வளவு மழை பெய்தது, எந்தச் சரிவு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. இருபத்தாறு வருஷமாக அவர் கருவி காட்டுவதை மட்டுமே நம்பி வந்தார்.

இதை என்னிடம் சொல்லி முடிக்கும்வரை அவர் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பயத்தால் அல்ல, வெட்கத்தால்.

றத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் கடைசியான தொங்கல் லயத்துக்கு மேலே, மலையில் ஒரு வெடிப்பு விட்டிருந்தது. சுந்தரலிங்கத்தின் பிரிவு அதன் குறுக்கே ஒரு கருவியைப் பொருத்தியிருந்தது. வெடிப்பு விரிந்தால் அது தானாகவே அலுவலகத் திரைக்கு எண்ணை அனுப்பும். அது போக, வெடிப்பின் இரண்டு பக்கமும் இரும்பு முளை அடித்து, தினமும் டேப் பிடித்து அளந்து சொல்ல ஒரு ஆளையும் வைத்திருந்தார்கள். அவள்தான் காத்தாயி. கொழுந்து எடுக்கிறவள். தொங்கல் லயத்தில் குடியிருந்தாள். காலை எட்டரைக்கு அளப்பாள், மழைமானியைப் பார்ப்பாள், போனில் சொல்வாள். நான்கு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

போன நவம்பர். மூன்றாம் நாளாக விடாத மழை. அலுவலகத்தின் போன் லைன் செத்துவிட்டது. அளவுகளைப் பதிகிற தொழில்நுட்ப அலுவலர் றிப்கா, உக்குவளையில் ரோட்டில் வெள்ளம் ஏறியதால் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்து மழையில் மாட்டிக்கொண்ட இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் ஓர் உயர் அதிகாரியும் மட்டும் சுந்தரலிங்கத்தின் அறையில் இருந்தார்கள். தானியங்கிக் கருவிகளை மாவட்டம் முழுக்கப் போட அவர்களிடம் உதவி கேட்டிருந்தார். அதற்குத்தான் திரையைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார்.

அவருடைய கைபேசி நான்கு தடவை அதிர்ந்தது. நாலு மணிக்கும் நாலேமுக்காலுக்கும் இடையில். ஒவ்வொரு தடவையும் 'காத்தாயி' என்று பெயர் வந்தது. ஒவ்வொரு தடவையும் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஐந்தாவது தடவை எடுத்தார். அப்போது மணி 5.25. திரையின் மூலையில் நேரம் இருந்தது, அதனால் நன்றாக ஞாபகம்.

"ஐயா, காத்தாயி பேசுறேன்."

குரல் நிதானமாக இருந்தது. பின்னால் மழைச் சத்தமே இல்லை. காற்று இல்லை. ஒரு மூடிய அறைக்குள் இருந்து பேசுவது போல.

"முளை ரெண்டுக்கும் நடுவுல பதினேழு சென்டி வருது ஐயா. காலையில ஒம்போது. சனங்கள எறக்கவா?"

அவர் திரையைப் பார்த்தார். ஒன்பது. காலையிலிருந்து அதே ஒன்பது. மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரலிங்கமும் லயத்தில் பிறந்தவர்தான். அவருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். அந்த மூன்று பேருக்கு முன்னால் தோட்டத்துத் தமிழ் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"மெஷின்ல ஒன்னும் காட்டலையே. சரியாப் பாத்து அள. காலையில பேசலாம்."

வைத்துவிட்டார்.

அன்றே தொங்கல் லயம் மண்ணுக்குள் போய்விட்டது. பதினொரு பேர். காத்தாயியும் அதில் ஒருத்தி. அந்த லயத்தில் ஒருவரும் தப்பவில்லை. மழையிலும் மூடுபனியிலும் மற்ற லயத்துக்காரர்கள் ஏழு மணிக்குத்தான் பார்த்தார்கள். அதனால் எல்லோரும் ஏழு மணி என்றே சொன்னார்கள். கருவியின் வயர் மத்தியானமே அறுந்துவிட்டது, திரை பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது என்பது மறுநாள் தெரிந்தது.

சுந்தரலிங்கம் அறிக்கை எழுதினார். அதில் ஒரு வரி: 'அன்று மாலை அளவீட்டாளரிடமிருந்து எந்தத் தகவலும் கிடைக்கவில்லை.'

எழுதிவிட்டு, கைபேசியில் அந்த ஐந்து அழைப்புகளையும் அழித்தார்.

தோட்டம் காத்தாயியைத் தூற்றியது. "அளக்க வெச்ச பொம்பள ஒரு வார்த்த சொல்லலையே" என்றார்கள். செத்த வீடுகளில் அவளுடைய மகளை உள்ளே விடவில்லை. அதுவும் அவர் காதுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

நான்கு மாதம் போனது.

மார்ச்சில் தோட்டத்து நிர்வாகம் கடிதம் அனுப்பியது. சரிவுக்குப் பக்கத்தில் இருக்கிற நடு லயத்துப் பதினான்கு குடும்பங்கள் இன்னும் பாடசாலை மண்டபத்தில் படுத்துக் கிடக்கின்றன. திங்கட்கிழமை அவர்களைத் திரும்பக் குடியேற்ற வேண்டும். பிரிவின் தலைவர் வந்து பார்த்து, ஆபத்தில்லை என்று கையெழுத்துப் போட வேண்டும்.

வியாழக்கிழமை போனார்கள். அவர், றிப்கா, டிரைவர் ஸஜ்ஜாத். மூன்று மணி பத்துக்கு நடு லயத்தடியில் வேனை நிறுத்தினார்கள். நல்ல வெயில்.

"சேர், இன்னும் ஒரு மழைக்காலம் பாத்துட்டுச் சொல்லலாமே" என்றாள் றிப்கா.

"புது மெஷின் போட்டு ஆறு வாரம். மெஷின்ல ஒன்னும் காட்டலையே."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே கேட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாக மேலே ஏறினார். கையில் குறிப்புப் புத்தகம். அதற்குள் கையெழுத்துப் போட வேண்டிய கடிதம்.

3.35. மூடுபனி இறங்கியது.

மலையில் அது புதிதல்ல. ஆனால் மூடுபனி வந்தால் குளிரும். அன்று குளிரவில்லை. தேயிலைச் செடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கீழே ஸஜ்ஜாத் வேனில் போட்டிருந்த பாட்டு நின்றது. பறவைச் சத்தம் நின்றது.

பிறகு ஒரு சத்தம்.

சர்ர்ர்ர்... டக்.

அவருக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். இழுத்த டேப் உள்ளே ஓடிப் போய் நிற்கும் சத்தம்.

றிப்கா வேறு வழியாக ஏறிவிட்டாளோ என்று நினைத்தார். "றிப்கா?"



சர்ர்ர்ர்... டக்.

வலது பக்கம். பத்து அடி இருக்கும். பன்னம் என்கிற பெரணிப் புதர். அதற்கு முன்னால் ஒரு பெண் குனிந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. இடுப்பில் படங்கு சுற்றியிருந்தாள், கொழுந்து எடுக்கிறவர்கள் கட்டுவது போல. படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நான்கு நாளாக அங்கே மழையே இல்லை.

புதிதாக யாரையோ அளக்க வைத்திருக்கிறார்கள் போல... அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சொல்லும்போதே தெரிந்தது. ஆள் வைப்பது அவர்தான். அவர் யாரையும் வைக்கவில்லை.

"பதினொன்னு, ஐயா."

அந்தக் குரல்.

"எழுதிக்கிட்டீங்களா?"

பதினேழு இல்லை. பதினொன்று. நான்கு மாதமாக அவர் தலைக்குள் ஓடிய எண் பதினேழு. இது வேறு.

கை தானாக எழுதியது. 11. நேரம் 3.41.

ஓட நினைத்தார். வந்த வழி மூடுபனியில் தெரியவில்லை.

"சனங்கள எறக்கவா?"

குறிப்புப் புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா... சனங்கள எறக்கவா?"

அவள் திரும்பவில்லை. குனிந்தபடியே இருந்தாள். ஆனால் குரல் கொஞ்சம் பக்கத்தில் வந்திருந்தது.

"எறக்கவா, ஐயா?"

"எறக்கு!" கத்தினார். "எறக்கு காத்தாயி... எல்லாரையும் எறக்கு!"



புதருக்கு முன்னால் யாரும் இல்லை.

பிறகு... காதுக்குப் பின்னால்... ஈரமாக...

"இனி யாரு ஐயா இருக்கா... எறக்க?"

ஸஜ்ஜாத் அவரைக் கண்டது 4.50க்கு. தேயிலைக்கு நடுவே மண்ணில் உட்கார்ந்திருந்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"சேர், ஒரு மணித்தியாலமா கூப்பிடுறோம். இங்கதான் ரெண்டு தடவ வந்து பாத்தேன். நீங்க இல்ல."

"மூடுபனியில..."

"மூடுபனியா? எங்க சேர்?"

வேனில் ஏறியதும் அவர் றிப்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மேலே பார்த்ததை அல்ல. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நவம்பரில் நடந்ததைச் சொன்னார். போன் வந்ததை, எடுத்ததை, அழித்ததை.



"அவங்க கூப்பிடலன்னு புத்தகத்துல எழுதினது நான், சேர்" என்றாள் றிப்கா. "நீங்க சொன்னீங்கன்னு எழுதினேன். அவங்க மேல கோவப்பட்டுக்கூட இருக்கேன்."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குறிப்புப் புத்தகத்தை மட்டும் நீட்டினார். "நாளைக்கு அந்தப் பன்னப் புதர வெட்டிப் பாருங்க."

வெள்ளிக்கிழமை காலை றிப்கா இரண்டு தொழிலாளர்களோடு போய்ப் புதரை வெட்டினாள். அடியில் புது வெடிப்பு. நேராக நடு லயத்துக்கு மேலே. கருவி இருந்த இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி. அதனால்தான் கருவிக்குத் தெரியவில்லை.

அகலம் பதினொரு சென்டிமீட்டர்.

கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. பதினான்கு குடும்பங்களும் அந்த லயத்துக்குத் திரும்பவில்லை. கீழே வேறு இடத்தில் அவர்களுக்குத் தற்காலிக வீடு கட்டுகிறார்கள்.

சனிக்கிழமை அவர் உக்குவளைக்குப் போனார். காத்தாயியின் மகள் தினுஷா அங்கே ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"அம்மா கூப்பிட்டாங்க, தினுஷா. நான்தான் பொய் எழுதினேன்."

அவள் அழவில்லை. "எத்தன தடவ?"

"அஞ்சு."

"எடுத்தீங்களா?"

"கடைசித் தடவ."

"என்னா சொன்னாங்க?"

சொன்னார். தான் சொன்ன பதிலையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக. அதுதான் அவருக்கு இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை நடந்ததை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். பதவியிலிருந்து நிறுத்தி விசாரணை வைத்தார்கள். செத்துப்போனவளுக்கும் தலைவருக்கும் நடுவே நடந்த பேச்சுக்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். போன் கம்பனியிடம் பட்டியல் கேட்டு எழுதினார்கள். தோட்டத்தில் உண்மை பரவியது. காத்தாயியின் படத்தை எடுத்துப் போய் மற்றப் பத்துப் பேரின் படத்தோடு கோயிலில் வைத்தார்கள்.

அவர் ஒரு கணக்கை மட்டும் மனசுக்குள் வைத்திருந்தார். அவள் பேசியது 5.25. மலை சரிந்தது ஏழு மணி. ஒரு மணித்தியாலமும் முப்பத்தைந்து நிமிஷமும். 'எறக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினொரு பேரும் நடந்தே இறங்கியிருப்பார்கள். அந்தத் தொண்ணூற்றைந்து நிமிஷத்தை நினைத்துத்தான் அவர் தூங்காமல் கிடந்தார்.

மே மாதம் றிப்கா வீட்டுக்கு வந்தாள். விசாரணைக்காக ஒரு வேலை செய்திருந்தாள். மலை சரிந்தால் நிலம் அதிரும். அந்த அதிர்வு பிரிவின் நிலநடுக்க மானியில் செக்கன் பிசகாமல் பதிந்திருக்கும். ஆறு மாதமாக யாரும் அந்தப் பதிவைத் திறக்கவில்லை. சரியான நேரம் தெரிந்துவிடும் என்று பயந்து சுந்தரலிங்கமும் திறக்கவில்லை. றிப்கா திறந்தாள்.

இரண்டு தாள்களை மேசையில் வைத்தாள். ஒன்று போன் கம்பனி அனுப்பிய பட்டியல். காத்தாயியின் எண்ணிலிருந்து அவருடைய எண்ணுக்கு.

4.06. எடுக்கவில்லை.

4.11. எடுக்கவில்லை.

4.23. எடுக்கவில்லை.

4.38. எடுக்கவில்லை.

5.25. பேசிய நேரம் நாற்பத்தொரு செக்கன்.

மற்றத் தாள் நிலநடுக்க மானியின் பதிவு. ஒரே ஒரு பெரிய கோடு. றிப்கா அதன் அடியில் பென்சிலால் நேரத்தை எழுதியிருந்தாள். மூன்று தடவை சரிபார்த்ததாகச் சொன்னாள்.

மலை சரிந்தது 4.47க்கு.