பஸ் ஓட்டிய நிரூபா நெற்வேர்க் படித்த கதை

நார்த்மீட் பக்கம் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு நிரூபாவை நன்றாகத் தெரியும். பரமட்டாவிலிருந்து வடக்கே போகும் பஸ்களைப் பல வருடம் ஓட்டியவர். ஓட்டுநர் இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டால் நம்மாட்கள் முதலில் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த நாளே “என்ன, எப்படிச் சுகம்?” என்று ஏறத் தொடங்கிவிடுவார்கள். நிரூபாவுக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது.

நாற்பத்தைந்தைத் தாண்டியபோது வலது தோள் மக்கர் பண்ணத் தொடங்கியது. வைத்தியர் ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, காரோ சின்ன வானோ ஓட்டலாம், பஸ்ஸின் ஸ்டியரிங் மட்டும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பனி அவரை டிப்போ அலுவலகத்தில் ஓட்டுநர்களோடு பேசும் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருத்தியது. நாள் முழுக்க ஒரே கதிரை. ஒரு மாதத்திற்குள் நிரூபாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

அந்த அலுவலகத்தில் பஸ் நேரங்களைக் காட்டும் திரைகள் அடிக்கடி இருண்டுபோகும். அதைத் திருத்த வெங்கட்ராமன் என்ற கோயம்புத்தூர்க்காரர் வருவார். அவர் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து வயர்களை ஆராயும்போது நிரூபா பின்னால் நின்று பார்ப்பார். இது என்ன, அது ஏன் மினுங்குகிறது என்று கேட்டுக்கொண்டேயிருப்பார். வெங்கட்ராமனுக்கு அலுக்கவில்லை. தகவல் எந்த வழியால் போனால் சீக்கிரம் போய்ச் சேரும் என்று ஒரு கருவி முடிவெடுப்பதைப் பற்றி அவர் சொன்னபோது, மழைநாளில் எந்தத் தெருவால் பஸ்ஸைத் திருப்புவது என்று தான் யோசித்ததெல்லாம் நிரூபாவுக்கு ஞாபகம் வந்தது.

“இந்த நெட்வொர்க் வேலைக்குன்னே ஒரு பரீட்சை இருக்குக்கா, சிசிஎன்ஏன்னு,” என்றார் வெங்கட்ராமன். “பாஸ் பண்ணா வேலை கிடைச்சிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா இண்டர்வியூக்காவது கூப்பிடுவாங்க. லேசு இல்ல, பாத்துக்கோங்க.”

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவர் நித்தியானந்தனிடம் விஷயத்தைச் சொன்னார். நித்தியானந்தன் ஒரு பேக்கரியில் பாண் போடுகிறவர். விடியமுன் போய் மத்தியானம் வந்துவிடுவார். கணினியென்றால் அவருக்கு ஆகாது. ஆனாலும் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் சமையலைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நிரூபா பரமட்டாவில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். வகுப்பில் பாதிப்பேர் அவருடைய மகள் லக்சிகாவின் வயது.

பெரிய நெற்வேர்க் ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் அவரைப் போட்டு வாட்டியது. நித்தியானந்தன் கேள்விகளை அட்டைகளில் எழுதி வைத்துக்கொண்டு, குசினியில் நின்றபடி வாசிப்பார். ஒரு சொல்லும் அவருக்கு விளங்காது, ஒரு சொல்லும் சரியான உச்சரிப்பில் வராது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்குக் குழைத்த மாவை அவர் பாதியாக வெட்டி, அதில் பாதியை மறுபடி பாதியாக வெட்டிக்கொண்டிருந்தபோது நிரூபா கத்தியைப் பிடித்து நிறுத்தினார். வெட்டின துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துக் கணக்கைப் போட்டார். விடை சரியாக வந்தது. ரொட்டிதான் அன்றைக்குப் பிந்திவிட்டது.

வகுப்பு மட்டும் போதவில்லை. நெற்வேர்க் வயர்களை இணைக்கும் பழைய சுவிட்ச் பெட்டிகள் இரண்டை வாங்கி, உடுப்புத் தோய்க்கிற அறையில் வைத்து, வீட்டு இன்ரநெற்றோடு பூட்டிப் பழகினார். ஒருநாள் ஒரே வயரின் இரண்டு முனைகளையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டார். தகவலெல்லாம் வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றத் தொடங்க, வீடு முழுக்க இன்ரநெற் செத்துப்போனது. மேலே லக்சிகா பல்கலைக்கழக வகுப்புக்காகத் திரையில் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அவள் படியிறங்கி வந்து ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தாள். நிரூபா ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்து, பிழையைத் தானே கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் வந்த சந்தோசத்தில் மகளைக் கட்டிப்பிடிக்கப் போனார். லக்சிகா விலகிப் போய்விட்டாள்.

முதல்முறை சோதனையில் தோல்வி. நேரம் போதவில்லை, கடைசிக் கேள்விகளைத் தொடவே முடியவில்லை. கண் கலங்க வீட்டுக்கு வந்தவரிடம் நித்தியானந்தன் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“நான் கேட்ட கேள்வியள் ஒண்டும் வரேல்லையோ?”

“வந்ததப்பா. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி எழுதியிருக்கேல்லை. அதுதான் அடையாளம் தெரியேல்லை.”

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த தடவைக்கு லக்சிகா வாசித்தாள், உச்சரிப்புக்காக. மணிக்கூட்டையும் அவளே பிடித்தாள். அந்தமுறை நிரூபா தேறிவிட்டார். வெங்கட்ராமனுக்குத்தான் முதலில் போன் செய்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. வேலை உடனே கிடைக்கவில்லை. அனுபவம் இல்லை என்று பல இடங்களில் மறுத்தார்கள். கடைசியில், பள்ளிக்கூடங்களின் நெற்வேர்க்குகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன நிறுவனம் கூப்பிட்டது. அதை நடத்துகிற ட்ரேசி என்ற பெண், நெற்வேர்க்கில் நீங்கள் செய்த பெரிய பிழை என்ன என்று கேட்டார். நிரூபா மறைக்காமல் உடுப்புத் தோய்க்கிற அறைக் கதையைச் சொன்னார். ட்ரேசி விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்ததாக, இன்ரநெற் இல்லாமல் கோபத்தில் நிற்கும் ஒரு பள்ளிக்கூட அதிபரை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்.

“வெள்ளிக்கிழமை பின்னேரம், மழை, பஸ் பிந்தி வருகுது, உள்ளே நிக்கவும் இடமில்லை,” என்று நிரூபா ஆங்கிலத்தில் பதில் சொன்னார். “அதிலை ஏறினவையை நான் சிரிச்ச முகத்தோடை இறக்கிவிட்டிருக்கிறன்.”

அடுத்த கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்கள். ஊர் ஊராக வான் ஓட்டிப் போகவேண்டிய வேலை; அதைக் கேட்டுத்தான் அவருக்கு மனம் இன்னும் குளிர்ந்தது.

முதன்முதலாகத் தனியாகப் போன பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டடம் முழுக்க இன்ரநெற் இல்லை. காலை முழுக்கத் தேடியும் நிரூபாவுக்குக் காரணம் பிடிபடவில்லை. வெட்கப்படாமல் கூட வேலைசெய்யும் அனோஜனுக்குப் போன் செய்து கேட்டார். இரண்டு பேரும் போனிலேயே பேசிப் பேசி, கூரைக்குள் எலி கடித்திருந்த வயரைக் கண்டுபிடித்தார்கள். மத்தியானம் பிள்ளைகளின் திரைகளெல்லாம் உயிர்பெற்றபோது ஒரு வகுப்பே கைதட்டியது. அதிபர் ஒரு துண்டு கேக்கைக் கட்டிக் கொடுத்தார்.

இப்போது இரண்டாவது வருடம். குளிர்காலத்தில் தோள் இன்னும் நோகத்தான் செய்கிறது. விருந்துக்குப் போகிற வீடுகளில் சாப்பாடு முடிந்ததும் யாராவது வைஃபையைப் பற்றிக் கேட்பார்கள். நிரூபா வாயைத் திறக்குமுன்னே நித்தியானந்தன் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, “மோடத்தை ஒருக்கா நிப்பாட்டித் திரும்பப் போட்டுப் பாத்தியளோ?” என்பார். நிரூபா அவரைத் தடுப்பதில்லை. பாயசத்தைக் குடித்து முடித்துவிட்டு, பிறகு எழுந்து போய்ப் பார்ப்பார்.